இப்னுல் ஹைஸம்: ‘குல்லு’வின் எடை அறிந்த கணித மேதை

ஒளியியலின் தந்தை என்ற பட்டத்தோடு இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்களின் பெயர் நம் வீடுகளில் நன்றாகவே அறிமுகமாகிவிட்டது. 2015ஆம் ஆண்டு சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது அவர்களுடைய ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் ஆயிரமாண்டு நினைவும் சேர்த்துக் கொண்டாடப்பட்டது. அதற்குப் பிறகு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவர்களைப் பற்றிய செய்திகள் ஓயாமல் சுற்றுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் எல்லாமே சரியில்லை.

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். ‘நிறைவெண்கள்’ குறித்த ஒரு பெரிய தேற்றத்தை ஐரோப்பியருக்கு 700 ஆண்டுகள் முன்பே இப்னுல் ஹைஸம் நிரூபித்துவிட்டார் என்று அதில் இருந்தது. இது உண்மையா என்பது அவருடைய கேள்வி. ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. சரியாகச் சொல்ல வேண்டுமானால் மத்ரஸாவில் நாம் ஓதிய மன்திக் பாடத்தையும் அந்தப் பெரியவரின் வாழ்க்கையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைஸம் என்பது அவர்களின் முழுப்பெயர். ஹிஜ்ரி 354, கி.பி. 965 அளவில் இராக்கின் பஸரா நகரில் பிறந்தார்கள். வாழ்க்கையின் முற்பகுதி இராக்கில் கழிந்தது. பிற்பகுதி எகிப்தில். இரண்டுக்கும் நடுவே நிற்பது நைல் நதி.

நைல் ஒவ்வோர் ஆண்டும் பெருகும், வற்றும். அதிகம் பெருகினால் வெள்ளம், குறைந்தால் பஞ்சம். தாம் எகிப்தில் இருந்தால் பெருகும் காலத்திலும் வற்றும் காலத்திலும் பயன் தரும்படி அந்த நதியில் ஒரு வேலை செய்து காட்ட முடியும் என்று இராக்கில் இருந்தபடியே இப்னுல் ஹைஸம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு கெய்ரோவை ஆண்ட ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிமின் காதுக்கு எட்டியது. அவர் பணம் அனுப்பி வரவழைத்தார். கெய்ரோவுக்கு வெளியே தாமே வந்து எதிர்கொண்டார். பிறகு வேலையாட்களுடன் தெற்கே அனுப்பிவைத்தார்.

நதியோடு மேலே செல்லச் செல்ல, பழைய எகிப்தியர் கட்டிய பிரம்மாண்டமான கட்டடங்கள் கண்ணில் பட்டன. அவற்றின் அளவுகளும் கோணங்களும் ஒரு கணித மேதையையே வியக்கவைத்தன. இப்படிக் கட்டத் தெரிந்தவர்கள், நதியை அடக்க வழி இருந்திருந்தால் செய்யாமல் விட்டிருப்பார்களா என்ற எண்ணம் அப்போதே மனதைத் தைத்தது. அஸ்வானுக்குத் தெற்கே அல்ஜனாதில் என்னும் பாறைப் பகுதியை அடைந்து, இருகரையிலும் சோதித்துப் பார்த்தபோது தாம் நினைத்ததுபோல் அது அமையவில்லை என்பது உறுதியானது. வெட்கத்தோடு திரும்பிவந்து, முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அல்ஹாகிம் வெளியில் கோபம் காட்டவில்லை. ஓர் அரசுப் பதவியும் கொடுத்தார். ஆனால் அவர் எந்த நேரத்தில் யாரைக் கொல்வார் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பதவியை மறுக்கவும் பயம், வகிக்கவும் பயம். இறுதியில் இப்னுல் ஹைஸம் புத்தி பேதலித்தவர்போல் நடிக்கத் தொடங்கினார்கள். சொத்துகள் முடக்கப்பட்டு, ஆட்கள் நியமிக்கப்பட்டு, வீட்டிலேயே அடைக்கப்பட்டார்கள். 1021இல் அல்ஹாகிம் மறையும்வரை அந்த நடிப்பு நீடித்தது. இதையெல்லாம் நமக்கு எழுதிவைத்தவர் 13ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ.

வெளியே வந்த பிறகு அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாசலருகே ஒரு குப்பாவில் தங்கினார்கள். பிழைப்புக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி. ஆண்டுக்கு ஒருமுறை, யூக்லிடின் ‘உஸூல்’ நூலையும், ‘முதவஸ்ஸிதாத்’ எனப்படும் இடைநிலைக் கணித நூல்களையும், தாலமியின் ‘மஜிஸ்தீ’யையும் தம் கையால் பிரதியெடுப்பார்கள். அவற்றை 150 எகிப்திய தீனாருக்கு விற்பார்கள். பேரம் கிடையாது. அந்தத் தொகை அந்த ஆண்டின் செலவுக்கு. மீதி நேரமெல்லாம் எழுத்துக்கும் ஆய்வுக்கும். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர்கள் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ளன.

யூக்லிடின் நூலை ஆண்டுதோறும் எழுத்தெழுத்தாகப் பிரதியெடுக்கும் ஒருவருக்கு, அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதோடு என்ன சொல்லப்படவில்லை என்பதும் புலப்படும். நிறைவெண் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அதே எண்ணாக வந்தால் அது நிறைவெண். அரபியில் ‘தாம்’ என்பார்கள். 6ஐ வகுப்பவை 1, 2, 3, கூட்டினால் 6. 28ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. அடுத்தவை 496, 8128. யூக்லிட் இவற்றை உண்டாக்க ஒரு செய்முறை சொன்னார். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே கூட்டுங்கள். கூட்டுத்தொகை பகா எண்ணாக வரும் இடத்தில் நின்று, கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்குங்கள். 1, 2, 4 கூட்டினால் 7. அது பகா எண். 7ஐ 4ஆல் பெருக்கினால் 28. அடுத்து 8ஐயும் சேர்த்தால் 15. அது பகா எண் இல்லை, விட்டுவிட வேண்டும். 16ஐயும் சேர்த்தால் 31; 31ஐ 16ஆல் பெருக்கினால் 496. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அடுத்ததைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் செய்முறையில் வரும் ஒவ்வோர் எண்ணும் நிறைவெண்ணே என்று யூக்லிட் நிரூபித்தார். சரி. நிறைவெண் ஒவ்வொன்றும் இந்தச் செய்முறையில்தான் வருமா? அதை அவர் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மத்ரஸா மாணவருக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வரும். ‘ஈஸாகோஜி’ ஓதும் ஆரம்ப நாள்களிலேயே நமக்குக் கற்பிக்கப்படும் பாடம் ‘ஸூர்’. அந்தச் சொல்லுக்கு மதில் என்று பொருள். ஊரைச் சுற்றி மதில் இருப்பதுபோல, ஒரு கூற்று எவ்வளவு பேரை உள்ளடக்குகிறது என்று வரையறுக்கும் சொல் அது. ‘குல்லு’ என்றால் ஒவ்வொன்றும். ‘பஃளு’ என்றால் சில. ‘லா ஷைஅ’ என்றால் எதுவுமில்லை. ‘லைஸ பஃளு’ என்றால் சில அப்படியில்லை. நான்கே மதில்கள்தான். அடுத்து வருவது ‘அக்ஸ்’, அதாவது கூற்றைத் திருப்பிப்போடுதல். மனிதர் ஒவ்வொருவரும் உயிரினம் என்ற கூற்றைத் திருப்பினால், உயிரினம் ஒவ்வொன்றும் மனிதர் என்று ஆகாது. உயிரினங்களில் சில மனிதர்கள் என்றுதான் ஆகும். ‘குல்லு’வைத் திருப்பினால் ‘பஃளு’தான் கையில் மிஞ்சும். அந்த வயதில் இதை மனப்பாடம் செய்தபோது, இது தெரியாதவரும் உலகில் உண்டா என்று நாம் சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

யூக்லிடின் கூற்றைத் திருப்பினால் நிறைவெண்களில் சில அவருடைய செய்முறையில் வருபவை என்பது மட்டுமே கிடைக்கும். 6, 28, 496, 8128 ஆகிய நான்கும் அப்படி வருகின்றன என்பது ‘பஃளு’வுக்குச் சான்று. ‘குல்லு’வுக்குச் சான்றாகாது.

நான்கை வைத்துக்கொண்டு ‘எல்லாம்’ என்று சொல்லும் ஆசை அந்தக் காலத்திலும் இருந்தது. ஓரிலக்கத்தில் 6, ஈரிலக்கத்தில் 28, மூன்றிலக்கத்தில் 496, நான்கிலக்கத்தில் 8128. ஆகவே ஒவ்வோர் இலக்க வரிசையிலும் ஒரு நிறைவெண் உண்டு என்று கிரேக்கக் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை புழங்கியது. அதை மறுத்தவர் நம் ஆலிம்கள் பெயர் கேட்டவுடன் அறிந்துகொள்ளும் ஒருவர்: ‘அல்ஃபர்க் பைனல் ஃபிரக்’ எழுதிய அப்துல் காஹிர் அல்பக்தாதி (ரஹ்). அகீதா நூலாசிரியராக மட்டுமே நாம் அறிந்த அவர்கள் கணக்கியலிலும் ‘அத்தக்மிலா’ என்றொரு நூல் எழுதினார்கள். பத்தாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையே நிறைவெண்ணே இல்லை என்று அதில் காட்டி, அந்த நம்பிக்கையைத் தகர்த்தார்கள். ஐந்தாவது நிறைவெண் 33550336. எட்டிலக்கம்! ஒரு ‘குல்லு’வை வீழ்த்த ஒரே ஒரு விதிவிலக்கு போதும் என்பதும் மன்திக் பாடம்தான், அதன் பெயர் ‘நகீள்’. அல்பக்தாதி காலமானது 1037இல். இப்னுல் ஹைஸமின் சமகாலத்தவர்.

இப்னுல் ஹைஸம் எடுத்துக்கொண்ட வேலை இதைவிடக் கடினமானது. தகர்ப்பதற்கு ஓர் உதாரணம் போதும். நிறுவுவதற்கு எத்தனை உதாரணமும் போதாது. ‘அத்தஹ்லீல் வத்தர்கீப்’ என்ற நூலில் அவர்கள் இரு வழிகளைப் பேசுகிறார்கள். தெரிந்ததிலிருந்து தேடுவதை நோக்கி முன்னே செல்வது தர்கீப். தேடுவதைக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அது எதிலிருந்து வந்திருக்க முடியும் என்று பின்னோக்கிச் செல்வது தஹ்லீல். நிறைவெண் விஷயத்தில் யூக்லிட் முன்னே சென்றார். இவர்கள் நிறைவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். அதாவது ‘அக்ஸ்’ முழுமையாகப் பொருந்துமா என்று கேட்டார்கள். நமக்குத் தெரிந்தவரை அந்தக் கேள்வியைக் கணிதக் கேள்வியாக எடுத்து முயன்ற முதல் மனிதர் அவர்களே.

இரண்டின் மடங்குகளால் ஆன ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் ஓர் எண் அமைந்து, அது நிறைவெண்ணாகவும் இருந்தால், அது யூக்லிடின் செய்முறையில் வந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். ஆனால் இரட்டைப்படை நிறைவெண் ஒவ்வொன்றும் அந்த வடிவத்துக்குள் வந்தே தீரும் என்பதை அவர்களால் நிறுவ முடியவில்லை. மதிலின் ஒரு பக்கம் எழுந்தது. மறுபக்கம் திறந்தே இருந்தது. அதை மூடியவர் 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர். அவருடைய நிரூபணமும் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1849இல்தான் அச்சேறியது.

ஆக, அந்த மாணவரின் கைப்பேசியில் இருந்த ‘நிரூபித்தார்’ என்ற சொல் தவறு. இதை எழுதும்போது சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் முன்னோரின் பெருமையை நாமே குறைக்கலாமா என்று. நாம் குறைக்கவில்லை. நைல் நதியின் முன்னால் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் அவர்கள். ஒரு வழி உண்டு என்று பார்க்காமலே சொன்னதற்கு எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பதை மேலே பார்த்தோம். அப்படிப்பட்டவர் செய்யாததை அவர் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாக நமக்குத் தோன்றவில்லை. உண்மையில் செய்தவையே ஏராளமாக இருக்கின்றனவே.

அவற்றில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு சிறு நூலில் அவர்கள் ஒரு கணக்கை எடுக்கிறார்கள். 2, 3, 4, 5, 6 ஆகிய ஒவ்வொன்றாலும் வகுத்தால் 1 மீதி வர வேண்டும். 7ஆல் வகுத்தால் மீதியே வரக்கூடாது. அப்படி ஓர் எண் உண்டா? தேடிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், 301 பொருந்தும். ஆனால் அவர்கள் காட்டிய முதல் வழி தேடல் இல்லை. 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்று சேர்த்தால் 721. 720ஐ 2 முதல் 6 வரை எல்லாம் வகுக்கும் என்பதால் 721இல் ஒன்று மீதி நிற்கும். 7ஆல் வகுத்தால் சரியாக 103. இது 7க்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லையென்றும், பகா எண் ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டாயப் பண்பு என்றும் சொன்னார்கள். 5ஐ எடுங்கள்: 1 முதல் 4 வரை பெருக்கினால் 24, ஒன்று சேர்த்தால் 25. 11ஐ எடுங்கள்: 1 முதல் 10 வரை பெருக்கினால் 3628800, ஒன்று சேர்த்தால் 3628801, அதை 11ஆல் வகுத்தால் 329891, மீதி இல்லை. பகா எண் இல்லாத 6ஐ எடுத்தால் 121 வரும். அது 6ஆல் வகுபடாது.

இன்று உலகம் இதை வில்சன் தேற்றம் என்கிறது. 1770இல் இங்கிலாந்தின் வாரிங் தம் மாணவர் வில்சனின் பெயரில் வெளியிட்டார்; லக்ராஞ்ச் அடுத்து நிரூபித்தார். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கூற்று கெய்ரோவில் எழுதப்பட்டிருந்தது. இங்கும் கூற்று இப்னுல் ஹைஸமுடையது, நாம் அறிந்த முதல் நிரூபணம் லக்ராஞ்சுடையது. இதோடு நிற்காமல் இன்னொரு வழியும் காட்டி, அந்தக் கணக்குக்கு விடைகள் முடிவில்லாமல் உண்டு என்றார்கள். 301உடன் 420ஐக் கூட்டிக்கொண்டே போனால் விடைகள் வந்துகொண்டே இருக்கும். 721 அதில் இரண்டாவது.

கவனித்தால், ‘அப்படி ஓர் எண் உண்டா’ என்ற கேள்விக்கு, ‘ஒவ்வொரு பகா எண்ணுக்கும்’ என்ற பொதுக்கூற்றைக் கொண்டு விடை கண்டிருக்கிறார்கள். ‘உண்டு’, ‘ஒவ்வொன்றும்’ என்ற இந்த இரண்டு சொற்களின் மீதுதான் இன்றைய கணிதத் தர்க்கம் முழுவதும் நிற்கிறது. கல்லூரியில் அந்த மாணவர் படிப்பதும் இதுவே. தலைகீழாக நிற்கும் ‘ஏ’ எழுத்து ‘ஒவ்வொன்றும்’ என்பதற்கு. திருப்பிப் போட்ட ‘ஈ’ எழுத்து ‘உண்டு’ என்பதற்கு. அவருடைய பாடநூலின் வழக்கப்படி இப்னுல் ஹைஸமின் கூற்றைப் பிரித்து எழுதிப் பார்த்தோம். பகா எண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்; பிரித்தால், அது 1ஐவிடப் பெரியது; எந்த இரண்டு எண்களைப் பெருக்கி அது வந்தாலும் அவற்றில் ஒன்று 1 ஆகவே இருக்கும். இங்கே ஒரு ‘ஒவ்வொன்றும்’ ஒளிந்திருக்கிறது. 7ஆல் வகுபடும் என்று சொல்கிறோம்; பிரித்தால், 7ஆல் பெருக்கினால் இந்த எண் வரும்படி வேறோர் எண் உண்டு. இங்கே ஓர் ‘உண்டு’ ஒளிந்திருக்கிறது. சாதாரண வாக்கியம் ஒன்றுக்குள் மதிலுக்குள் மதிலாக எத்தனை!

நம் மன்திக் பாடத்தின் நான்கு மதில்கள் இதற்குப் போதா என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய் உண்டு என்பது உண்மை. ஒரு தாய் உண்டு, அவரே எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்பது வேறு கூற்று. சொற்கள் அவையேதான், வரிசைதான் மாறியது. அதுபோல, எந்த எண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய பகா எண் ஒன்று உண்டு என்பது யூக்லிடின் தேற்றம். எல்லா எண்களையும்விடப் பெரிய ஒரு பகா எண் உண்டு என்று மாற்றினால் அபத்தமாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக வரும் இந்த அடுக்குகளை ஒழுங்காக எழுதும் முறையை 1879இல்தான் ஜெர்மானியர் ஃப்ரேகே வகுத்துத் தந்தார். இப்னுல் ஹைஸமுக்கு அந்தக் குறியீடுகள் எதுவும் இல்லை. வெறும் அரபி உரைநடையில், எண்களைச் சொற்களால் எழுதி, ‘குல்லு’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனதிலேயே பிடித்துக்கொண்டு எழுதினார்கள்.

ஹிஜ்ரி 430, கி.பி. 1040 அளவில் கெய்ரோவில் அவர்கள் காலமானார்கள். மனாழிர் நூல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ‘அல்ஹாஸன்’ என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. எண்களைப் பற்றிய சிறு நூல்களோ வெகுகாலம் ஏட்டுப் பிரதிகளாகவே கிடந்து, சென்ற நூற்றாண்டில்தான் ஆய்வாளர் ருஷ்தீ ராஷித் போன்றோரால் விரிவாக வெளிச்சத்துக்கு வந்தன.

அந்த மாணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமக்கு வந்த செய்தியில் ‘நிரூபித்தார்’ என்பதை அழித்துவிட்டு, ‘முதலில் முயன்றார்’ என்று மாற்றிக் குழுவுக்கு அனுப்பினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு நேரமும் இரட்டைப்படை நிறைவெண்களைப் பற்றியே பேசினோமே, ஒற்றைப்படையில் நிறைவெண் உண்டா? உண்டு என்று காட்ட இதுவரை ஓர் எண்ணையும் யாரும் கொண்டுவரவில்லை. ‘லா ஷைஅ’ என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. நாம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள், எழுந்துகொண்டோம்.